கப்பல் திரும்பிய தேதியில் ஒரு கல்யாணம்

நிலவில் மனிதன் முதன்முதலாக இறங்கிய அதே தேதியில் எங்கள் பசு கன்று போட்டது. ஆண்டு வேறு, தேதி ஒன்று. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் என் வீட்டுக்காரர் அன்று முழுவதும் தானே ராக்கெட்டில் போய் இறங்கிவிட்டு வந்தவர் மாதிரி எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். சீம்பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் நிலவைப் பற்றித்தான் பேச்சு. கன்று கிடாரியா காளையா என்று கேட்ட பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவுக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. அவளே தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

கந்தப்பளைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் தோட்டம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், தோட்டத்தை நடத்துகிற தொரை கேட்டால் சிரிப்பார். நான் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை மேய்ப்பது என் வேலை. வீட்டுக்காரர் ஃபெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பிளையை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய சோதனை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்கிற எங்கள் ஒரே மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். மற்ற ஆண்கள் எல்லாம் ஃபோனில் பாட்டுக் கேட்டார்கள், கிரிக்கெட் பார்த்தார்கள். இவர் மட்டும், ஒவ்வொரு தேதியிலும் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகப் போடுகிற ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

காலையில் நான் ரொட்டி தட்டும்போது அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். இந்தத் தேதியில்தான் ஒரு ராஜாவின் தலையை வெட்டினார்கள், இந்தத் தேதியில்தான் ஆகாய விமானம் முதலில் பறந்தது, இந்தத் தேதியில்தான் இன்ன நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. எந்தச் சண்டையில் எவன் ஜெயித்தால் எனக்கென்ன, தேங்காயைத் துருவுங்க என்பேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுத் துருவுவார். துருவிக்கொண்டே மீதியை மனப்பாடமாகச் சொல்லுவார். வாயால் திட்டினேனே தவிர, உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு அந்தக் காலைகள் பிடித்திருந்தன. கல்யாணமான புதிதில்கூட அந்த மனுஷன் என்னிடம் அத்தனை பேசியதில்லை.

லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் எட்டாது, மேலே தகரம் எல்லாருக்கும் பொது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பார்கள். அந்தப் பக்கம் இருந்தது அக்கா குடும்பம். அக்காவின் புருஷனை நாங்கள் அண்ணன் என்போம். என் வீட்டுக்காரரோடு ஒரே ரோலரில் நின்றவர். பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். பேச்சு குழறிப் போய்விட்டது, காது மட்டும் கூர்மை. இவர் காலையில் வாசிப்பது அவருக்கும் சேர்த்துத்தான். பிடித்த சங்கதி வந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்ம்" வரும். உடனே இவர் குரலை உயர்த்தி அதையே இன்னொரு தடவை வாசிப்பார். வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் அண்ணனின் இருமல் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நான் தினமும் எழுந்திரிப்பேன்.

அக்காவும் நானும் சண்டை போடாத விஷயம் குறைவு. தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடம் வைத்தது, யார் கோழி யார் வெங்காயத் தாளைக் கொத்தியது, எல்லாவற்றுக்கும் ஒரு வாய்த்தகராறு உண்டு. சண்டை முற்றினால் நேரில் பேசமாட்டோம், கூரைக்குக் கேட்கிற மாதிரி தனியாகப் பேசிக்கொள்வோம். ஆனாலும் என் மகள் பாதி வளர்ந்தது அந்தப் பக்கம்தான். அக்காவுக்கு ஒரே மகன், கொழும்பில் கடையில் நிற்கிறான். பெண் பிள்ளை இல்லாத குறையை அவள் என் மகளின் தலையில் எண்ணெய் வைத்தே தீர்த்துக்கொண்டாள். பெரியம்மா பெரியம்மா என்று அவளும் அங்கேயே கிடப்பாள்.

என் மகள் பிறந்தது நவம்பர் ஒன்பதில். ஜெர்மனியில் ஊரை இரண்டாகப் பிரித்த பெரிய மதிலை ஜனங்கள் உடைத்த அதே தேதி. இதைக் கண்டுபிடித்த நாளில் வீட்டுக்காரர் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? மதிலை உடைத்த நாளில் பிறந்ததால்தான் இவளுக்கு இந்த வாய் என்று ஊரெல்லாம் சொன்னார். பிறகு ஒரு நாள் பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருக்கிறார். அதே நாட்டில், அதே தேதியில், மதில் விழுவதற்கு ரொம்ப வருஷம் முன்னால், ஒரு இனத்துச் சனங்களின் கடைக் கண்ணாடிகளையெல்லாம் உடைத்து, அவர்கள் கும்பிடுகிற இடங்களைக் கொளுத்தியிருக்கிறார்கள். அன்று அவர் ரொட்டியைத் தொடவில்லை. சின்ன வயதில் கடைத்தெருவில் நம்மவர்களின் கடைகள் எரிந்ததை அவர் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவர். அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அன்று ஏன் சாப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை, தேத்தண்ணியை மட்டும் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தேதியைப் பார்த்தாலும் அடி வரைக்கும் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார். வினை அங்கேதான் பிடித்தது.

தை பிறந்ததும் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. வலப்பனைக் கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் வளைகுடா நாட்டில் ஒரு ஹோட்டல் பேக்கரியில் பாண் போடுகிற வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. மகளுக்கும் பிடித்துவிட்டது. ஃபோனில் பேசும்போது அவள் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாதா? பையனின் அம்மாதான் கொஞ்சம் கறார். புருஷன் இல்லாமல் கடையை நடத்திப் பிள்ளையை ஆளாக்கியவர். சகுனம், ராகுகாலம், பல்லி சொன்னது, எதையும் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று வழியில் ஏதோ சகுனப் பிழை என்று வேனைத் திருப்பி, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தவர். நாங்கள் வடையை மூன்று தடவை சூடாக்கினோம்.

பையனுக்கு லீவு ஆவணியில்தான். அந்த லீவு போனால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்து. அதுவரைக்கும் சம்பந்தியம்மா காத்திருப்பாரா என்பது சந்தேகம். பெண் கொடுக்க வேறொரு வீடும் வாசலில் நிற்கிறது என்று காதில் விழுந்திருந்தது. ஆகவே ஆவணிக்குள் ஒரு முகூர்த்தம் பார்த்தாக வேண்டும். டவுன் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சில தேதிகளைக் கொடுத்தார். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வராத குறையாகச் சந்தோஷமாக வந்தேன். வீட்டுக்காரர் ஃபோனை எடுத்தார்.

முதல் தேதி ஓகஸ்ட் இருபத்தேழு. ஜாவாவுக்குப் பக்கத்தில் ஒரு எரிமலைத் தீவு வெடித்துச் சிதறிய தேதியாம். சத்தம் நம் நாடு வரைக்கும் கேட்டதாம். ஏதோ நேற்றுத் தன் காதில் விழுந்த மாதிரி சொன்னார். வேண்டாம். அடுத்தது செப்டம்பர் ஒன்று. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய நாள், அதே தேதியில் ஜப்பானில் ஒரு பெரிய பூகம்பம் வேறு. வேண்டாம். சரி, அதற்கு மறுநாளும் முகூர்த்தம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். பார்த்தால் அது அதே யுத்தம் முடிந்து கப்பலில் வைத்துக் கையெழுத்துப் போட்ட நாள். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. இவர் அடி வரைக்கும் தள்ளினார். செப்டம்பர் இரண்டில்தான் இலண்டன் பட்டணம் தீப்பிடித்து எரிந்ததாம். எரிந்தது போகட்டும், அந்தத் தீ பிடித்தது ஒரு பாண் சுடுகிறவனின் வீட்டிலிருந்து.

"மாப்பிள்ளை வேலையே பாண் போடுறதுதானே?" என்றார், கலங்கிப்போய்.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்துவிட்டாள், அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி நடித்தாள். பிறகு கடைசியில் இருந்த பதினொன்றைப் பார்த்தார். அதை இவர் வாசிக்கவே இல்லை, ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கோபுரங்கள் விழுந்ததை நானும் டிவியில் பார்த்தவள்தான்.

இப்படியே நாள் போனது. ஐயர் என்னைக் கண்டால் கோயில் பின்பக்கம் போக ஆரம்பித்தார். சம்பந்தியம்மாவிடமிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. மண்டபம் சொல்லணும், சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும், பையன் டிக்கட் போடணும், உங்களுக்கு விருப்பம் இருக்கா இல்லையா என்று நேராகவே கேட்டுவிட்டார். நான் வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். இவரிடம் வந்து கத்தினேன். உங்க உலகத்துல எவனோ எங்கேயோ செத்ததுக்கு எம் மக ஏன் வீட்டுல கெடக்கணும் என்று கேட்டேன்.  கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை, பயந்துபோயிருந்தார். ஒரே பிள்ளையை அனுப்புகிற நாளில் உலகத்தில் ஒரு சின்னக் கெட்டதும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அந்த மனுஷன் நினைத்தார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

மகள்தான் கடைசியில் கேட்டாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"அப்பா, கெட்டதே நடக்காத தேதின்னு வருஷத்துல ஒண்ணு இருந்தாக் காட்டுங்க. அன்னைக்கே கட்டிக்கிறேன்."

அவர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு ஜனவரி முதலாம் தேதியிலிருந்து தேடினார். சாப்பாட்டுக்கு எழும்பினார், மாட்டுக்குப் புல் வெட்டப் போனார், மற்ற நேரமெல்லாம் தேடினார். ஒரு தேதிகூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு குடி கெட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு நல்லதும் இருந்தது. அதைச் சொன்னால் அவருக்கு ஏறவில்லை.

ஐயர் கொடுத்ததில் மிச்சம் இருந்தது செப்டம்பர் ஆறு ஒன்றுதான். இதையும் அவர் கையில் விட்டால் கதை முடிந்தது என்று நானே ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வாசித்தேன். அது, உலகத்தை முதன்முதலாகச் சுற்றி வந்த கப்பல் ஊர் திரும்பிய தேதி. ஐந்து கப்பல்கள் கிளம்பியிருக்கின்றன, மூன்று வருஷம் கழித்து ஒரு கப்பல் கரை சேர்ந்திருக்கிறது. நான் அண்ணனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். கடல் தாண்டிப் போனவர்கள் வீடு திரும்பிய நாள், நம்ம மாப்பிள்ளையும் கடல் தாண்டித்தான் போகிறார், இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும் என்று அடித்துப் பேசினேன். இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த கையோடு, எத்தனை பேர் திரும்பி வந்தாங்க என்று கேட்டு, அடி வரைக்கும் தள்ள விரலை நீட்டினார். நான் ஃபோனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் "ம்ம்" கேட்டது. நீளமாக, திருத்தமாக. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தேதி முடிவானது. அன்று இறைச்சிக்கடை மூடுகிற போயாவும் இல்லை, அதனால் ஆட்டிறைச்சிக்கும் தடையில்லை. சம்பந்தியம்மாவிடம் நானே பேசினேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன என்றார்.

இனி எல்லாம் சுபம் என்று இவர் நிம்மதியானார். எனக்குத்தான் வேறொரு பயம் பிடித்தது. லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் அந்த லயத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது, பிரேதத்தை எடுக்கும் வரைக்கும் ஒரு நல்ல காரியமும் நடக்காது. கூரை ஒன்று, அதனால் தீட்டும் ஒன்று. அண்ணனுக்கு ஆவணி தொடங்கியதிலிருந்தே கஞ்சி இறங்கவில்லை. வெளியே சொல்ல முடியுமா? உன் புருஷன் எங்கள் கல்யாணம் வரைக்கும் தாங்குவாரா என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமலேயே அக்காவுக்குத் தெரியும். லீவு, வாசலில் நிற்கும் இன்னொரு வீடு, சம்பந்தியம்மாவின் சகுனம், எல்லாம் கூரை வழியாக அவள் காதுக்குப் போனதுதானே. ஒரு நாள் பீலியில் குடத்தை எனக்கு முதலில் விட்டுவிட்டு, "யோசிக்காதே தங்கச்சி, எல்லாம் நல்லா நடக்கும்" என்றாள். அக்கா எனக்கு முதல் குடம் விட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று லயமே விடியுமுன் எழுந்துவிட்டது. வாசல் இஸ்தோப்பு முழுக்கத் தேங்காயும் வாழையிலையும். எனக்குத் தலை கால் புரியவில்லை. அண்ணனின் இருமல் கேட்டதா இல்லையா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. வெளிச்சம் வந்த சமயத்தில் அக்கா வாசலில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்து, இந்தக் கல்யாணத்துக்கென்றே வாங்கி வைத்திருந்த மாம்பழ மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. நான் பெண்களுக்குப் பூ நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கொஞ்சம் கூடக் குடு" என்றாள்.

"என்னாக்கா, இன்னைக்குப் பொண்ணு நீயா, அவளா?" என்று கேட்டுவிட்டு ஒரு முழம் மல்லிகையை நறுக்கிக் கொடுத்தேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அண்ணன் எப்படி என்று கேட்டேன். தூங்குகிறார் என்றாள். அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததைக் கண்டேன். ஆள் நடமாட்டம் அதிகம், அதனால் பூட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரியம்மன் கோயிலில் முகூர்த்தம். தாலி கட்டும்போது மேளம் உச்சத்துக்குப் போனது. அட்சதை போடக் கூட்டம் முண்டியது. எல்லாருக்கும் முந்திக்கொண்டு அக்கா போய் என் மகள் தலையில் அரிசியைப் போட்டாள். இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்து, நல்லா இரு, நல்லா இரு என்று இரண்டு தடவை சொன்னாள். அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான், இவர் கண்ணிலும்தான். அங்கே அழாமல் நின்றது ஐயர் ஒருவர்தான். சம்பந்தியம்மா தன் மகன் கல்யாணத்திலும் முன்னால் வரவில்லை, தூணுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பந்திக்கு இலை போட்டதும் நான் அக்காவைத் தேடினேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். அவளுக்கு ஒரு வாளியில் சோறு எடுத்து வைக்கச் சொன்னேன்.

மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வலப்பனைக்கு அழைத்துப் போக வேன் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. பூ கட்டிய வேன். ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று சம்பந்தியம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மகள் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அக்காவின் மகன் பையோடு மேட்டில் ஏறி வந்தான். கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். வேனைக் கண்டதும் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தான். சும்மா இருக்காமல் யாரோ, கல்யாணம் முடிஞ்ச பிறகு வர்றியே, சோத்துக்கு மட்டும்தான் வந்தியா என்று கேலி பண்ணினார்கள். அவனால் அடக்க முடியவில்லை. அப்படியே வழியில் குந்திவிட்டான்.

"அப்பா செத்துட்டாருங்க. விடியக்காலையே செத்துட்டாரு. அம்மா ஃபோன்ல சொல்லிட்டு, யாருக்கிட்டயும் சொல்லாதேன்னுச்சு."

அவன் குரல் மேலே கேட்டிருக்க வேண்டும். பூட்டிய கதவு திறந்தது, அக்காவின் ஒப்பாரி கிளம்பியது. விடியலிலிருந்து நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த அழுகை. அதை நான் எப்படிச் சொல்வேன்.  காலையில் அவள் கூடுதலாகப் பூக் கேட்டதும் நான் கேலி பண்ணியதும் ஒன்றாக மண்டையில் வந்து இடித்தது. அவள் செத்த புருஷனுக்குப் போர்வையை மூடிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு என்னிடம் பூ வாங்க வந்திருக்கிறாள். எதற்கு? என் மகளின் தாலி தள்ளிப் போகக் கூடாது என்பதற்காக.

ஆனால் அந்த இடத்தில் அதை நினைத்து அழக்கூட எனக்கு வழியில்லை. எல்லார் கண்ணும் வேனின் முன் சீட்டில் இருந்தது. ஒரு சின்னச் சகுனத்துக்கே வேனைத் திருப்புகிறவர். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அடுத்த காம்பராவில் பிரேதம் கிடந்திருக்கிறது. அதைத் தொட்ட கையால் முதல் அட்சதை விழுந்திருக்கிறது. இந்தப் பெண் வேண்டாம் என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்துவிட்டால் என் மகள் கதி என்ன? வீட்டுக்காரர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

சம்பந்தியம்மா இறங்கினார். எப்ப போச்சு என்று அக்காவின் மகனிடம் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். நேராக அக்கா வீட்டுக்குள் போய், அண்ணனின் காலடியில் கிடந்த அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் புருஷன் போன அன்னையிலிருந்து நான் எந்த நல்லதுலயும் முன்னுக்கு நின்னதில்ல. எம் மகன் கல்யாணத்துலயும் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு முன்னுக்கு வந்து வாழ்த்தினீங்க. அந்த வாழ்த்து எம் புள்ளைங்களுக்குப் போதும்மா."

அக்கா தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கங்க என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சம்பந்தியம்மா விடவில்லை. வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, பிள்ளைகளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார். இரண்டு பேரும் வந்து வாசற்படியில் விழுந்து கும்பிட்டார்கள். என் மகள் பெரியம்மா என்று ஒரு கத்துக் கத்தினாள். ராகுகாலம் வந்து போனது. அதற்குப் பிறகு பைப்படியில் கால் கழுவிக்கொண்டு அவர்கள் வேனில் ஏறினார்கள்.

வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு அப்படியே அண்ணன் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் பாடையை முன்னால் பிடித்துத் தூக்கியது அவர்தான். திரும்பி வந்து குளித்துவிட்டு, நான்தானே எல்லாத் தேதியையும் தள்ளித் தள்ளி அவரை இந்தத் தேதிக்குக் கொண்டுவந்து விட்டேன் என்று உளறினார். உங்களால தேதியை வச்சு ஒரு கோழியைக்கூடச் சாகடிக்க முடியாது, வந்து சாப்பிடுங்க என்றேன். சாப்பிட்டார்.

கொஞ்ச நாள் காலை வாசிப்பு நின்றிருந்தது. அதை மறுபடி தொடங்க வைத்ததும் அக்காதான். ஒரு காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னா தம்பி, உலகத்துல ஒண்ணுமே நடக்கலியா என்று கேட்டாள். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனை எடுத்தார். நான் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கண்ணில் மாவு போய்விட்டது.

வருஷம் திரும்பியது. செப்டம்பர் ஆறு நெருங்க நெருங்க இவருக்குப் பழைய தவிப்பு வந்துவிட்டது. மகளுக்குக் கல்யாண நாள், அக்காவுக்குத் துக்க நாள், இரண்டையும் எப்படி ஒரே நாளில் வைத்துக்கொள்வது? ஐயரிடம் போய் விசாரித்திருக்கிறார். திதி பார்த்தால் அண்ணனின் வருஷத் தேவசம் வேறு தேதிக்குப் போய்விடுகிறது. பெரிய பாரம் இறங்கின மாதிரி வந்தார். ஆறாம் தேதி காலை அக்கா எங்கள் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இனிமேல் இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், இது வேறு அது வேறு என்று விளக்கினார்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்குத் தம்பி பிரிக்கிறீங்க? தேவசத்துக்கு ஐயர் சொல்றதைச் செய்வேன். ஆனா எனக்கு நாள் இதுதான். அவரு போனது மட்டும் இந்த நாள்ல இருந்திருந்தா நான் இன்னைக்குப் பாயைவிட்டு எந்திரிச்சிருக்க மாட்டேன். அதே நாள்ல நம்ம புள்ளை தலையில அரிசி போட்டிருக்கேன். அதனாலதான் எந்திரிச்சு வந்து உங்ககூட உக்காந்திருக்கேன்."

 ஃபோன் அடித்தது. வலப்பனையிலிருந்து மகள். வீட்டுக்காரர் எடுத்து, திரையில் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், அப்படியே அக்காவின் கையில் கொடுத்தார்.